மூணு தலைமுறை, ஒரே வண்டி: ஐ-90 ரோட்டோரக் கிறுக்குத்தனத்தையெல்லாம் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாமா?

மூணுவரிசைவண்டி:
வணக்கம் மக்களே. ஜூன் கடைசில ஒன்பது நாள் லீவு கிடைச்சிருக்கு. சிகாகோல கிளம்பி ஐ-90 ஹைவே பிடிச்சு சவுத் டகோட்டா, நாலு ஜனாதிபதிங்க தலையைச் செதுக்கின ரஷ்மோர் மலை வரைக்கும் போயிட்டு நெப்ராஸ்கா வழியா திரும்புறதா பிளான். வண்டில நான், மனைவி, பதினஞ்சு வயசுப் பொண்ணு, ஏழு வயசுப் பையன், எங்கப்பா (74, ஊர்ல இருந்து வந்திருக்காரு), மாமியார் (68). ஆமா, சம்பந்திங்க ரெண்டு பேரும் ஒரே வண்டில, ஒன்பது நாள். அதைப் பத்தி அப்புறம் புலம்புறேன்.

மலை, அருவி, கேன்யன் லிஸ்ட் வேணாம், அது எங்க பார்த்தாலும் கிடைக்குது. ரோட்டோரமா எவனோ ஒருத்தன் எதுக்குன்னே தெரியாம கட்டி வச்சிருப்பான் பாருங்க, அறுபதடி மாட்டுத்தலை, பழைய காரை மண்ணுல நட்ட வட்டம், மக்காச்சோளக் கதிர் ஒட்டின மாளிகை, அந்த மாதிரி ஐட்டம்தான் வேணும். சின்ன வயசுல இருந்தே எனக்கு இதுல ஒரு பைத்தியம். பிரச்சினை என்னன்னா அப்பா சர்வே டிபார்ட்மெண்ட்ல இருந்து ரிட்டயர் ஆனவர், எதைப் பார்த்தாலும் முதல் கேள்வி "இது எதுக்கு?" தான். மனைவி இப்பவே சொல்லிட்டா, "மாமா கேக்குற எதுக்குக்கெல்லாம் நீங்கதான் பதில் சொல்லணும், நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்குவேன்".

பெரியவங்களைக் கூட்டிட்டு இப்படி போனவங்க யாராவது இருக்கீங்களா? ஒரு நாளைக்கு எத்தனை தாங்கும்?

ரெஸ்ட்ஏரியாரசிகன்:
போன வருஷம் இதே ரூட்ல மாமனார் மாமியாரோட போனேன். எழுதிக்கோங்க.

விஸ்கான்சின்ல ஸ்பார்ட்டான்னு ஒரு ஊர். ரோட்டோரம் நிக்கிற ஃபைபர் கிளாஸ் பொம்மைங்களைச் செய்யிற கம்பெனி அங்க இருக்கு, பக்கத்துல புல்தரைல பழைய மோல்டு (அச்சு) எல்லாம் சும்மா போட்டு வச்சிருக்காங்க. யானை, திமிங்கலம், ராட்சசத் தலைன்னு, எல்லாம் உள்ள காலி. நடந்து பார்க்கலாம், ஆனா மோல்டுக்குள்ள குளவி கூடு கட்டியிருக்கும், பையனைத் தலையை உள்ள விட விடாதீங்க. அடுத்து மினசோட்டால புளூ எர்த், பச்சை ராட்சசன் சிலை, ஐம்பத்தஞ்சரை அடி. சவுத் டகோட்டா நுழைஞ்சதும் மாண்ட்ரோஸ்ல நீங்க சொன்ன மாட்டுத்தலை. அப்புறம் மிட்செல்ல மக்காச்சோள மாளிகை. அங்கிருந்து 220 மைல் கிட்டத்தட்ட நேர்கோடு, ஸ்பீடு லிமிட்டே 80, அப்புறம் வால்னு ஒரு சின்ன ஊர். திரும்புறப்ப நெப்ராஸ்கால அலயன்ஸ் ஊர்ல கார்ஹெஞ்ச், நீங்க சொன்ன அந்தக் கார் வட்டம்.

ஒரு நாளைக்கு ரெண்டுக்கு மேல வேணாம். மூணாவது இடத்துல வண்டிய நிறுத்தினா பெரியவங்க இறங்க மாட்டாங்க, "நீங்க போயிட்டு வாங்க, நாங்க ஏசில இருக்கோம்"னுடுவாங்க. அந்த வார்த்தை காதுல விழுந்தா அன்னிக்கு ட்ரிப் முடிஞ்சுதுன்னு அர்த்தம்.

நேராபோ:
மன்னிக்கணும், நான் கொஞ்சம் நேராவே சொல்லிடறேன். 74 வயசு மனுஷன் அவ்ளோ தூரம் ஃபிளைட்ல வந்திருக்காரு, அவரைக் கூட்டிட்டுப் போயி சிமெண்ட் டைனோசரைக் காட்டப் போறீங்களா? நேரா யெல்லோஸ்டோன் போங்க. ஒரு கெய்சர் (வெந்நீர் ஊத்து) பொங்குறதைப் பார்த்தா வாழ்நாளுக்கும் சொல்வாரு. ஃபைபர் கிளாஸ் ராட்சசனைப் பத்தி யார்கிட்ட போய் என்ன சொல்றது? நாங்க ஒரு தடவை டைனோசர் பார்க்னு போர்டைப் பார்த்து இறங்கினோம் (எந்த ஊர்னு சொல்லல), பெயிண்ட் உரிஞ்ச நாலு பொம்மை, ஒண்ணுக்கு வாலே இல்ல. எங்கப்பா டிக்கெட்டையும் பொம்மையையும் மாத்தி மாத்திப் பார்த்தாரு, ஒரு வார்த்தை பேசல. அந்தப் பார்வை இன்னும் எனக்கு மறக்கல.

பழையரோடு:
நேராபோ அண்ணே, வால் இல்லாத டைனோசர் வேணா மோசமா இருக்கலாம், ஆனா அது ஏன் அங்க நிக்குதுன்னு தெரிஞ்சிட்டா பார்வையே மாறிடும். கொஞ்சம் பெருசா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

1956ல இண்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைச் சட்டம் வர்றதுக்கு முன்னாடி எல்லா வண்டியும் ரெண்டு லேன் ரோட்டுல ஒவ்வொரு ஊர் நடுவுலயும் புகுந்துதான் போகணும். ஆனாலும் போறவன் நிக்கணுமே? டிரைவர் கண்ணுல பட்டு, மூளைல ஏறி, பிரேக்ல கால் வைக்கிறதுக்குள்ள கடை பின்னாடி போயிடும். அப்ப தூரத்துல இருந்தே தெரியிற மாதிரி ஒண்ணு வேணும், அது சாதாரணமா இருந்தா யாரும் மதிக்க மாட்டாங்க, அதான் பெருசா, அபத்தமா. கட்டினவங்கள்ல பாதிப்பேர் கலைஞரும் இல்ல கிறுக்கனும் இல்ல, வயித்துப்பாட்டுக்கு யோசிச்ச கடைக்காரங்க.

வால் ஊர்ல இருக்கிற வால் ட்ரக்ங்கிற மருந்துக்கடை கதையைக் கேளுங்க. டெட் ஹஸ்டெட்னு ஒரு மருந்துக்கடைக்காரர், 1931ல மனைவி டாரத்தியோட அந்தச் சின்ன ஊர்ல கடையை வாங்கினாரு. வியாபாரமே இல்ல. 1936 கோடைல ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் டாரத்தி தூங்கப் போயிருக்காங்க, ரோட்டுல போற வண்டிச் சத்தத்துல தூக்கம் வரல. எந்திரிச்சு வந்து புருஷன்கிட்ட, வெயில்ல போற இவங்களுக்கு என்ன வேணும், ஐஸ் தண்ணிதானே, அதைச் சும்மா குடுக்கறோம்னு போர்டு வையின்னாங்க. அவர் போர்டு நட்டுட்டுத் திரும்பி வர்றதுக்குள்ள கடை வாசல்ல வண்டி நின்னுடுச்சாம். இன்னிக்கும் ஐஸ் தண்ணி இலவசம், காபி 5 செண்ட். அந்த போர்டுங்கதான் இப்ப நூத்துக்கணக்கான மைலுக்கு உங்களைத் துரத்திட்டு வரும். வால் வர்றதுக்குள்ள உங்க பையனுக்கு எல்லா போர்டும் மனப்பாடம் ஆயிடும்.

கடைக்காக இல்லாம கட்டினதும் உண்டு. ஒக்லஹோமால கட்டூசாவுல ஹியூ டேவிஸ்னு ஒருத்தர், மனைவிக்குத் திமிங்கல பொம்மை சேக்குற பழக்கம்னு, கல்யாண நாள் பரிசா குளத்துல 80 அடி நீலத் திமிங்கலம் கட்டினாரு, 1970கள் தொடக்கத்துல. நானெல்லாம் கல்யாண நாளையே மறந்துட்டு நிக்கிற ஆளு.

மூணுவரிசைவண்டி:
பழையரோடு சார், இதை அப்படியே அப்பாவுக்குப் படிச்சுக் காட்டிட்டேன். "ஐஸ் தண்ணி ஓகே. திமிங்கலம் எதுக்கு?"ன்னாரு.

இப்ப அசல் பிரச்சினைக்கு வர்றேன். போன மாசம் மூணு மணி நேர டிரைவ் ஒண்ணு போனோம், ட்ரையல் மாதிரி. அப்பாவுக்குப் பிரஷர் மாத்திரைல தண்ணி பிரியுற மாத்திரையும் ஒண்ணு, ஒன்றரை மணிக்கு ஒரு தடவை பாத்ரூம் போகணும். சம்பந்தியம்மா வண்டில இருக்காங்கன்னு வாயே திறக்கல. மாமியாரும் அதே, "சம்பந்தி இருக்காரு, மாப்பிள்ளைய எப்படி நிறுத்தச் சொல்றது"ன்னு முட்டி வலியோட உக்காந்திருக்காங்க. வீடு வந்து சேர்ந்ததும் ரெண்டு பேரும் ரெண்டு பாத்ரூமுக்கு ஓடினதுல எனக்கு விஷயம் புரிஞ்சுது. மூணு மணி நேரத்துக்கே இப்படின்னா ஒன்பது நாளுக்கு என்ன பண்றது?

கோடாலிக்கொண்டை:
தம்பி, இது எங்க வீட்லயும் நடந்ததுதான். "யாருக்காவது பாத்ரூம் போகணுமா"ன்னு கேக்கவே கேக்காதீங்க. அந்தக் கேள்விக்குப் பெரியவங்க அகராதில ஒரே பதில், "எனக்கு ஒண்ணும் இல்ல, உங்களுக்கு வேணும்னா நிறுத்துங்க". கேக்காம நிறுத்துங்க. ஒன்றரை மணிக்கு ஒரு தடவை, "எனக்கு முதுகு பிடிக்குது, பத்து நிமிஷம் நடக்கறேன்"னு டிரைவர் சொல்லணும், சொல்லிட்டு இறங்கிப் போயிடணும். எல்லாரும் இறங்குவாங்க. அந்த வயசுல ரெண்டு மணி நேரத்துக்கு மேல காலைத் தொங்கப்போட்டு உக்காரவும் கூடாது, கால்ல ரத்தம் கட்டலாம், அதனால இது பொய்யும் இல்ல.

தண்ணி பிரியுற மாத்திரைய எத்தனை மணிக்குப் போட்டா நல்லதுன்னு கிளம்புறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க, நீங்களா மாத்தாதீங்க. "வெளிய போறோமே"ன்னு அவர் தண்ணி குடிக்காம இருக்கப் பாப்பாரு, அதையும் கவனிங்க. இன்னொண்ணு, சவுத் டகோட்டால மர்டோ தாண்டினதும் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னாடி போயிடும், போன் தானா மாறிடும், மாத்திரை அலாரமும் கூடவே மாறிடும். எங்க மாமியார் கைக்கடிகாரத்தை மாத்தவே விடல, "என் வயித்துக்கு இந்த டைம்தான் தெரியும்"னாங்க. அதான் சரி.

அப்புறம் சீட். நடு வரிசைல ரெண்டு பெரியவங்களையும் பக்கத்துல பக்கத்துல போட்டுடாதீங்க. ஒருத்தர் முன்னாடி, ஒருத்தர் நடுவுல, நடுவுல இருக்கவங்க பக்கத்துல சின்னப் பையன். அவன் பேசிட்டே வருவான், யாரும் யாரையும் உபசரிக்க வேண்டாம்.

நேராபோ:
பாத்ரூமுக்கு ஒன்றரை மணிக்கு ஒரு தடவை நிக்கிற ஆளை வச்சுக்கிட்டு மாட்டுத்தலைக்கும் நிறுத்துவீங்களா? எப்ப போய்ச் சேருவீங்க?

கோடாலிக்கொண்டை:
எப்படியும் நிக்கத்தானே போறோம் தம்பி. பெட்ரோல் பங்க்ல நிக்கிறதுக்கு மாட்டுத்தலைக்குக் கீழ நின்னா என்ன?

மாத்திரைடப்பா:
ஒரு எச்சரிக்கை. ரஷ்மோர் போற வழில ரேபிட் சிட்டி பக்கம் "மர்ம வீடு" டைப் இடம் ஒண்ணு இருக்கு, இந்த ஐட்டம் நாடு முழுக்க இருக்கு. பந்து மேட்டுல உருளும், குள்ளமானவங்க உயரமா தெரிவாங்க, நேரா நிக்கவே முடியாது. காந்தசக்தி அது இதுன்னு சொல்வாங்க, விஷயம் சிம்பிள். வீட்டையே நல்லா சாய்ச்சுக் கட்டி, வெளிய அடிவானம் தெரியாம மறைச்சிருப்பாங்க. கண்ணு சுவரைப் பார்த்து இதுதான் நேர்னு நம்பும், காதுக்குள்ள இருக்கிற பேலன்ஸ் உறுப்பு இல்லைன்னு சொல்லும், ரெண்டுக்கும் சண்டை. பசங்களுக்கு செம ஜாலி. தலைசுத்தல் இருக்கிற பெரியவங்களுக்கு அரை நாள் போச்சு. எங்கம்மா உள்ள போயி ரெண்டே நிமிஷத்துல கைப்பிடியைப் பிடிச்சவங்க, வண்டி வர்ற வரைக்கும் என் கையை விடல. உங்கப்பாவுக்கோ மாமியாருக்கோ வெர்டிகோ இருந்தா அவங்க வெளிய நிழல்ல உக்காரட்டும்.

இன்சுலின் எடுக்கிறவங்க யாராவது இருந்தா கூலர் பையை வண்டில விட்டுட்டு இறங்காதீங்க. நிறுத்தின வண்டி வெயில்ல அரை மணில அடுப்பு.

பனிக்கரடி:
நாங்கள் கனடாவிலை இருந்து. போன கோடைக்கு அப்பா அம்மாவையும் பிள்ளையளையும் ஏத்திக்கொண்டு டொரொண்டோவிலை இருந்து வடக்காலை போனனாங்கள். சட்பரியிலை பெரிய நிக்கல் காசு ஒண்டு நிக்குது, 1951 ஆம் ஆண்டு காசின்ரை மாதிரி, 1964லை வைச்சது, 9 மீற்றர் உயரம். இன்னும் மேலை போனால் வாவா எண்ட ஊரிலை பெரிய வாத்து, முதன்முதல் 1960லை வைச்சவை. நெடுஞ்சாலையாலை போறவை ஊருக்குள்ளை வரவேணும் எண்டு வைச்சதாம். அப்பா காசடியிலை நிண்டு கொண்டு "இதை மாத்தினால் எவ்வளவு சில்லறை வரும்" எண்டு கேட்டவர், வீடு வரைக்கும் பிள்ளையள் அதையே சொல்லிச் சொல்லிச் சிரிச்சதுகள். போங்கோ, யோசிக்காதேங்கோ.

கயிறுதிரிப்பவன்:
யாருமே நூல்கண்டைச் சொல்லலையே?! கேன்சஸ்ல காக்கர் சிட்டி. உலகத்துலயே பெரிய சணல் கயித்து உருண்டை. ஃபிராங்க் ஸ்டோபர்னு ஒரு விவசாயி 1953ல வைக்கோல் கட்டுற கயிறு மிச்சத்தைச் சுத்த ஆரம்பிச்சு, 1961ல ஊருக்கே குடுத்துட்டாரு. இன்னிக்கும் போற யாரு வேணா கயிறு சுத்தலாம், வருஷா வருஷம் ஆகஸ்ட்ல சுத்துறதுக்குன்னே திருவிழா. திரும்பி வர்றப்ப போயே ஆகணும்.

ரெஸ்ட்ஏரியாரசிகன்:
உலகத்துலயே பெரிசுன்னு அடிச்சு விடாதீங்க பாஸ். மினசோட்டால டார்வின் ஊர்ல இருக்கிறதை ஃபிரான்சிஸ் ஜான்சன்னு ஒரே ஆளு, 1950ல ஆரம்பிச்சு 29 வருஷம் தனியா சுத்தினது. 12 அடி விட்டம், 17,400 பவுண்டு. கடைசில உருட்ட முடியாம ரயில்வே ஜாக் வச்சுத் தூக்கித் தூக்கிச் சுத்தினாரு. ஊரே சேர்ந்து சுத்தினா யாரு வேணா பெருசாக்கலாம்.

கயிறுதிரிப்பவன்:
பெருசுன்னா பெருசுதான். யார் சுத்தினாங்கன்னா கேட்டோம்? எங்களுது இன்னும் வளருது, உங்களுது கண்ணாடிக் கூண்டுக்குள்ள உக்காந்திருக்கு.

ரெஸ்ட்ஏரியாரசிகன்:
ஓட்டு எண்ணிக்கைல ஜெயிச்சுட்டு ஓட்டப்பந்தயத்துல ஜெயிச்சேன்னு சொல்லக்கூடாது.

மூணுவரிசைவண்டி:
சண்டை போடாதீங்கப்பா. மாமியார்கிட்ட ரெண்டு கதையும் சொன்னேன். வெங்காயம் உரிச்சுட்டே கேட்டாங்க, நிமிரவே இல்ல. "29 வருஷம் தனியா சுத்தினாரா? வீட்ல யாரும் ஒண்ணும் சொல்லலையா?" அவ்ளோதான் தீர்ப்பு. ரெண்டுமே நம்ம ரூட்ல இல்ல, விட்டாச்சு.

ஆட்டுக்காரன்:
ஆஸ்திரேலியால இருந்து ஒரு சின்னது. இங்க இதுக்குப் பேரே "பெரிய சாமான்கள்"தான். கோல்பர்ன்ல 15 மீட்டர் செம்மறி ஆடு இருக்கு, 1985ல கட்டினது. 1992ல பைபாஸ் வந்ததும் ஊருக்குள்ள வர்ற வண்டி குறைஞ்சுது. 2007ல ஆட்டையே தூக்கி ஹைவே பக்கத்துல கொண்டு வந்து வச்சுட்டாங்க. மேய்ச்சலைத் தேடி ஆடு நடந்துடுச்சு. அவ்ளோதான் சொல்ல வந்தேன்.

மூணுவரிசைவண்டி:
ஹாஹா, இது அப்பாவுக்கு ரொம்பப் பிடிச்சுது. "காரணம் இருக்கு பாரு"ன்னாரு.

பொண்ணு விஷயம்தான் மிச்சம். முகத்தைத் தூக்கி வச்சிருக்கா. "அசிங்கமா இருக்கும்ப்பா, யாராவது பாத்தா?" சவுத் டகோட்டால இவளை யாரு பாக்கப் போறா?

கோடாலிக்கொண்டை:
அவகிட்ட ஒரு நாளைக்கு ஒரு வீட்டோ குடுங்க. "இது வேணாம்"னா கேள்வியே கேக்காம தாண்டிப் போயிடணும். அதிகாரம் கைல இருந்தா அவ அதை யூஸ் பண்ண மாட்டா, சேர்த்து வச்சுக்குவா.

மூணுவரிசைவண்டி:
புளூ எர்த்ல இருந்து. முதல் நாள் ஓவர். ஸ்பார்ட்டால குளவி இருந்தது, யாரையும் கொட்டல. முதுகுவலி டெக்னிக் சூப்பரா வேலை செஞ்சுது, என்ன, ஆறாவது தடவைக்கு மாமியார் தைல பாட்டிலை நீட்டி "மாப்பிள்ளை, ஊருக்குப் போனதும் டாக்டர்கிட்ட காட்டிடுங்க, நெசமாவே கவலையா இருக்கு"ன்னாங்க.

பச்சை ராட்சசன்கிட்ட அப்பா எதிர்பார்த்த மாதிரியே "எதுக்கு?". நான் படிச்சு வச்சதைச் சொன்னேன், மினசோட்டா பக்கம் ஐ-90 ரோடு 1978ல இந்த ஊர்லதான் ஒண்ணு சேர்ந்தது, அதுக்குத் தங்கக் கலர்ல ரோட்டுல பட்டை போட்டாங்க, வர்ற வண்டி ஊருக்குள்ள இறங்கட்டும்னு இவரை நிறுத்தினாங்கன்னு. ரோடு சேர்ந்த கதைல அவர் கண்ணு பெருசாச்சு, ராட்சசன் வெறும் உபரி. பாக்கெட் நோட்டை எடுத்து ஓடோமீட்டர் ரீடிங் எழுதிட்டு, "ரஷ்மோர்ல ஒரு தலை மட்டும் 60 அடி, இங்க முழு ஆளே 55"னு பையனுக்கு கணக்கு சொல்லிட்டிருந்தாரு. பையன் ராட்சசன் ரெண்டு காலுக்கு நடுவுல நின்னு போஸ் குடுக்கறான். பொண்ணு வண்டிய விட்டு இறங்கல, ஆனா வீட்டோவும் போடல.

தங்குற இடத்துல மட்டும் கடுப்பு. கீழ் ரூம்னு போன்ல ரெண்டு தடவை சொல்லி புக் பண்ணினது, போனா மாடி, லிஃப்ட் கிடையாது. ரெண்டு பெரியவங்களும் கைப்பிடியைப் பிடிச்சு ஒவ்வொரு படியா. இனிமே புக்கிங்ல "கீழ்தளம்"னு எழுத்துல வந்தாத்தான் காசு கட்டணும்.

மாத்திரைடப்பா:
மிட்செல் மாளிகைல கவனிச்சுப் பாருங்க, சுவர்ல ஓவியம் எல்லாம் நிஜக் கதிர், பெயிண்ட் கிடையாது, கலர் எல்லாமே விளைஞ்ச கலர்.

மூணுவரிசைவண்டி:
மிட்செல் போயாச்சு, இப்ப வால்ல இருக்கோம், ராத்திரி, எல்லாரும் தூங்குறாங்க.

மிட்செல்ல ஹீரோயின் மாமியார்தான். 1892ல இருந்து அந்த ஊர்ல மக்காச்சோள மாளிகை இருக்கு, இப்ப நிக்கிறது 1921ல கட்டினது, குவிமாடம், கோபுரம் எல்லாம் அப்புறம் வச்சது. நான் தூரத்துல நின்னு மொத்தமா பார்த்தேன். இவங்க நேரா சுவர்கிட்ட போயி, மூக்கு இடிக்கிற தூரத்துல நின்னு, ஒரு கதிரைத் தொட்டுப் பார்த்துட்டுச் சொன்னாங்க, "முழுசா இல்ல மாப்பிள்ளை, நெடுக்க ரெண்டாப் பொளந்து ஆணி அடிச்சிருக்காங்க, வெட்டின பக்கம் சுவர்ல. இல்லேன்னா ஒட்டாது." அப்படித்தான். ஓரத்துல புல்லுக் கட்டெல்லாம் உரிச்சிருந்த இடத்துல கருப்பா தார் பேப்பர் தெரிஞ்சுது, படம் போடுறப்ப அந்தப் பேப்பர்ல கோடு போட்டு, எந்தக் கட்டத்துக்கு எந்தக் கலர்னு எழுதி வச்சுத்தான் அடிப்பாங்களாம். "கோலப் புள்ளி மாதிரி"ன்னாங்க. அப்புறம் மேல பார்த்து, "பறவை விடுமா?" விடாது. வருஷா வருஷம் மாத்துறாங்க, மீதியெல்லாம் பறவைக்குத்தான், உலகத்துலயே பெரிய பறவைத் தீனித்தட்டுன்னு ஊர்க்காரங்களே கிண்டல் பண்ணிக்கிறாங்க.

இங்கதான் நான் எதிர்பார்க்காதது. பொண்ணு இறங்கி வந்து பாட்டி பக்கத்துல நின்னு, கதிரை குளோசப்ல போட்டோ எடுக்க ஆரம்பிச்சுட்டா. பாட்டி விரலும் கதிரும் மட்டும். முகம் இல்லாத போட்டோன்னா அசிங்கம் இல்லையாம்.

அங்கிருந்து வால் வரைக்கும் பையன் போர்டு எண்ணினான், நூறைத் தாண்டினதும் தூங்கிட்டான். 80 அடி டைனோசரைப் பாக்க எழுப்ப வேண்டியதாப் போச்சு. ஐஸ் தண்ணி குடிச்சாச்சு. அப்பா 5 செண்ட் காபிய வாங்கி, நெசமா 5 செண்ட்தான் வாங்குறாங்களான்னு மறுபடி போய் ஒண்ணு வாங்கிப் பார்த்தாரு. அதுக்குப் பலனா ராத்திரி எத்தனை தடவை எந்திரிச்சாரோ தெரியாது.

நேராபோ:
ரஷ்மோர் எப்படி இருந்துச்சு?

மூணுவரிசைவண்டி:
நல்லா இருந்துச்சு. எல்லாரும் முன்னாடியே போட்டோல பார்த்ததுதானே, வந்தோம், அப்படியே இருந்துச்சு. அரை மணி நேரம். வழில பழைய ஏவுகணைத் தளம் ஒண்ணு இப்ப மியூசியமா இருக்கு, அங்கதான் அப்பா ஒண்ணரை மணி நேரம் நின்னாரு. கீழ கட்டுப்பாட்டு அறை இரும்புக் கதவுல பீட்சா டப்பா படம் வரைஞ்சு "உலகம் முழுக்க 30 நிமிஷத்துல டெலிவரி"ன்னு எழுதி வச்சிருக்கிறதைப் போட்டோல பார்த்துட்டு அவர் சிரிக்கவே இல்ல. வண்டில வந்து உக்காந்ததும்தான் சிரிச்சாரு, கொஞ்ச நேரம் நிறுத்தவே முடியல.

பழையரோடு:
கார்ஹெஞ்ச் போறதுக்கு முன்னாடி அதோட கதையைத் தெரிஞ்சுக்கோங்க. இல்ல, வேணாம், பார்த்துட்டு வந்து சொல்லுங்க. அங்கயே எழுதி வச்சிருப்பாங்க.

மூணுவரிசைவண்டி:
வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் ஆச்சு. துணி இன்னும் துவைக்கல. கார்ஹெஞ்ச் பத்தி எழுதணும்னுதான் வந்தேன்.

ரேபிட் சிட்டி பக்கம் மர்ம வீடு போர்டு வந்தப்ப பொண்ணு, "வீட்டோ. பாட்டிக்குத் தலைசுத்தும்"னா. ட்ரிப் முழுக்க அவ போட்ட ஒரே வீட்டோ அதுதான். பையன் அழுதான், கேக்கல.

அங்கிருந்து ரெண்டரை மணி நேரத்துக்கு மேல தெற்கால வந்தோம், புல்லு புல்லு புல்லு, எதிர்ல வண்டியே இல்ல. அலயன்ஸ் ஊருக்கு வடக்க வயல்வெளி நடுவுல சட்டுனு அது. இங்கிலாந்து ஸ்டோன்ஹெஞ்ச் மாதிரியே வட்டம், கல்லுக்குப் பதிலா கார், மொத்தம் 39, எல்லாம் சாம்பல் கலர். சிலது டிக்கி கீழ போற மாதிரி அஞ்சடிக் குழில நட்டு, மேல குறுக்க இன்னொரு காரை வச்சு வெல்டிங். கிட்ட போனா கதவுக் கைப்பிடி, ஹெட்லைட் குழி எல்லாம் பெயிண்டுக்குள்ள தெரியுது. காத்து அடிக்கிற சத்தம் மட்டும்தான்.

அப்பா வழக்கம்போல வாயைத் திறந்தாரு. அதுக்குள்ள பையன் அங்க எழுதி இருந்ததை எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பிச்சுட்டான், பொண்ணு தமிழ்ல சொல்லிட்டு வந்தா. ஜிம் ரைண்டர்ஸ்னு ஒருத்தர், அவங்கப்பா வாழ்ந்த பண்ணை இது, 1982ல அப்பா இறந்தப்ப குடும்பம் எல்லாம் ஒண்ணு கூடி, அஞ்சு வருஷம் கழிச்சு மறுபடி வந்து அவர் ஞாபகமா ஒண்ணு கட்டுவோம்னு பேசிக்கிட்டாங்க. சொன்ன மாதிரியே 1987ல சொந்தக்காரங்க 35 பேர் கிட்ட வந்து, அவங்களே குழி வெட்டி, அவங்களே நட்டாங்க. ஊர்க்காரங்க முதல்ல இதை இடிக்கணும்னு சண்டை போட்டாங்க, கடைசில ஊருக்கே சொந்தமாச்சு.

அப்பா எதுக்குன்னு கேக்கல. கைத்தடியை மாமியார்கிட்ட "சம்பந்தி, கொஞ்சம் பிடிங்க"ன்னு குடுத்துட்டு (ஒன்பது நாள்ல அவங்க ரெண்டு பேரும் நேரடியா பேசின நாலாவது வார்த்தை அது, நான் எண்ணிட்டு இருந்தேன்), வட்டத்தோட ஒரு ஓரத்துல போய் நின்னாரு. அங்கிருந்து எதிர் ஓரத்துக்கு நடை. அளந்து வைக்கிற அடி, நடுவுல வேகமும் இல்ல நிக்கவும் இல்ல, வேலைல இருந்தப்ப அப்படித்தான் நடப்பாருன்னு அம்மா சொல்லக் கேட்டிருக்கேன், நான் பார்த்ததில்ல. முப்பத்தெட்டு காலடி வச்சாரு. நோட்டுல ஏதோ பெருக்கிட்டு "தொண்ணூத்தஞ்சு அடி இருக்கும்"னாரு. பொண்ணு போன்ல தேடினா, 96.

"ஒரு அடி தப்பு"ன்னா.

"தரை சமமா இல்ல"ன்னாரு. அதுல இருந்து ஊர் வந்து சேர்ற வரைக்கும் அதைப் பத்தித்தான் பேச்சு. தரையா, இவர் அடியா, இல்ல அவங்க அளந்ததா.

ரெஸ்ட்ஏரியாரசிகன்:
96 வெளி விட்டமா உள் விட்டமா?

மூணுவரிசைவண்டி:
அய்யோ, இதை அவருக்குச் சொல்லிடாதீங்க.

நேராபோ:
கைத்தடி வச்சு நடக்குற மாதிரி தரையா அது? சும்மா கேட்டேன்.

மூணுவரிசைவண்டி:
புல்தரைதான், மேடு பள்ளம் இருக்கு, மழை பெய்ஞ்சிருந்தா வேணாம். நிழல் கிடையாது, தொப்பி எடுத்துக்கோங்க, காத்துல பறக்கும், கயிறு வச்ச தொப்பி. காலைல பத்து மணிக்குள்ள போங்க. டிக்கெட் இல்ல.

சொல்லிட்டேன்ப்பா அப்பாகிட்ட. உள்விட்டம் வெளிவிட்டம் ரெண்டையும் நோட்டுல எழுதிக்கிட்டாரு, இப்ப டேப் எங்கடான்னு கேக்குறாரு.